கழிக்கப்படும் கணினியும் மலைப்பள்ளியும்
(ஆனைகட்டியில் ஆற்றப்பட்ட உரை)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என ஒதுக்கப்படும் கணினிகள், பழுதின்றி இயங்கியும் கழிவாகின்றன. இயந்திரத்தின் ஆயுளை இலாபக் கணக்கே தீர்மானிக்கிறது.

அதே கணினியில் கட்டற்ற மென்பொருளான குனு/லினக்ஸை நிறுவினால், உரிமக் கட்டணமின்றி அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அத்தகைய மென்பொருளைக் கொண்டு ஒரு மாநிலமே கற்க முடியும் என்பதற்கு, ஆனைகட்டியைத் தாண்டினால் சான்று உண்டு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2006-இல் பொறுப்பேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றும் அதையே சார்ந்தன.

ஆகவே, அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிக்கும் கணினிகளைச் செப்பனிட்டு, பழைய தரவுகளை அழித்து, இருளர் குழந்தைகள் பயிலும் மலைப்பள்ளிகளுக்கு வழங்க வேண்டும். ஆனால், இந்த நன்கொடையைக் காட்டிக் கல்வி நிதியை வெட்ட அனுமதிக்கக் கூடாது. பயிற்சியும் பராமரிப்பும் அரசின் பொறுப்பு. சீர்செய்ய ஆளில்லாத கணினி, மலையேறிய குப்பையாகவே முடியும். இக்கோரிக்கையைப் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் தோழர்கள் கொண்டுசெல்ல வேண்டும்.