சிறு சைக்கிளின் வேகம்



ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு, வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகும் ஊராக ஓசூர் வளர்ந்தது. ஓர் உதிரிபாகம் எத்தனை விநாடியில் முடிகிறது என்று கணக்குப் பார்ப்பதே என் வேலை. அந்தக் கணக்கை ஆலை வாசலிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. அதை எனக்கு உணர்த்தியவள் என் ஒன்பது வயது மகள். அது நிகழ்ந்தது ஒரு சைக்கிள் பயணத்தில்.

சென்ற டிசம்பர் மாதத்து அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி அணைவரை சைக்கிளில் செல்வதென்று தீர்மானித்தோம். பெரிய நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது ஓடும்; குழந்தைகளுக்கு அது ஏற்றதன்று. ராயக்கோட்டைச் சாலை அதைவிட அமைதியானது. மேலும் ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்ந்தது. இடையில் மேடுகள் உண்டெனினும், மொத்தத்தில் இறக்கம்தான்.

மகளுக்குத் தனியே ஒரு சிறு சைக்கிள். ஐந்து வயது மகன் என் வண்டியின் பின்னிருக்கையில். கூடாரமும் கம்பளியும் அவலும் வேர்க்கடலையும் என் மனைவியின் வண்டியில். நானோ மணிவாரியாக ஓர் அட்டவணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பிழை என்னுடையதே. இரவு ஷிப்டு முடித்து வந்து, சிறிது நேரமே உறங்கி, நண்பகலில் புறப்பட்டேன். ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளிக்குச் சென்று, அவருடைய இல்லத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். பிறகு மகளின் சக்கரம் பங்சர் ஆயிற்று. ஒட்டி முடித்துச் சானமாவுக் காட்டை நெருங்கும்போது மணி நான்கரை. அட்டவணைப்படி அந்நேரம் ராயக்கோட்டையில் இருந்திருக்க வேண்டும். "இன்னும் வேகமாக மிதி, இன்னும் வேகமாக" என்று மகளை விரட்டிக்கொண்டே வந்தேன். அவள் பதில் பேசவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

சாலையோரத்துக் களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களைக் கைகாட்டி நிறுத்தினார். முதலில் தெலுங்கில் பேசினார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு தமிழுக்கு மாறினார். "காட்டில் யானை இறங்கியிருக்கு சாமி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்நேரத்தில் போகாதீங்க" என்றார்.

ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. நாம் வரைந்த மாநில எல்லை அவற்றுக்கு ஏது? இது நான் அறியாத செய்தியன்று. ஆயினும், "இருட்டுவதற்குள் தாண்டிவிடலாம்" என்றேன். என் மனைவி சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, "நான் வரமாட்டேன்" என்றாள். மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அங்கே நமக்காக யார் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எவரும் காத்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என் அட்டவணையில் விடையில்லை.

அன்றிரவு அவர்களுடைய வீட்டை ஒட்டிய முற்றத்தில் கூடாரமடித்தோம். ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தன. வீட்டில் கொள்வதற்கு மறுக்கும் மகன், களியை உருட்டி உருட்டி விழுங்கினான். பனி கடுமையாக இறங்கியது. நள்ளிரவில் தொலைவில் வெடிச்சத்தமும் தகரம் தட்டும் ஓசையும் கேட்டன. குழந்தைகள் இருவரும் என்னை இறுகப் பற்றிக்கொண்டனர். காட்டுக்குள் இருட்டில் அவர்களோடு நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணியபோது என் உடல் நடுங்கியது.

காலையில் பார்த்தோம். மூதாட்டியின் மகனுடைய ராகி வயலில் ஒரு பகுதி மிதிபட்டுக் கிடந்தது. வனத்துறை இழப்பீடு தருவதுண்டு. ஆனால் நான்கு மாத உழைப்பு ஓரிரவில் மண்ணோடு போன துயரத்துக்கு அது ஈடாகுமா? அப்படியிருந்தும் அவர்கள் எங்களுக்குக் காபி கொடுத்து, வனத்துறையினரிடம் வழி பத்திரமென்று கேட்டறிந்த பிறகே அனுப்பினார்கள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

அதன்பின் மகளை முன்னே விட்டு, அவளுடைய வேகத்தில் நாங்கள் பின்தொடர்ந்தோம். அவள் நின்ற இடத்தில் நின்றோம். ராயக்கோட்டை மலையடியில் ஒரு மணி நேரம் அமர்ந்து, 1791-இல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அது என்று கதை சொன்னேன். ஒருநாள் தாமதமாகக் கிருஷ்ணகிரியை அடைந்தோம். 1957-இல் திறக்கப்பட்ட அணையின் நீர்ப்பரப்பை மாலை வெயிலில் கண்டபோது, "இது நம்ம ஊர் ஆறுதானே?" என்று மகள் கேட்டாள். ஆம், ஓசூரைக் கடந்து வரும் அதே தென்பெண்ணைதான். நாங்கள் மிதித்துக் கடந்த தூரத்தை அதுவும் கடந்து வந்திருந்தது. அன்றிரவு ஒரு மாந்தோப்பில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு தங்கினோம்.

குழந்தைகளோடு இவ்வாறு செல்ல விரும்பும் பெற்றோருக்குச் சில சொற்கள். ஒரு நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். உறக்கம் கெட்ட உடலோடு புறப்படாதீர்கள். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடத்தைத் தேடுங்கள். காட்டுவழி உண்டென்றால் உள்ளூர்வாசிகள் சொல்வதற்குச் செவிகொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் மிகச் சிறிய கால்கள் எவையோ, அவையே பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கட்டும்.

ஆலையில் நான் இன்றும் விநாடிகளைத்தான் எண்ணுகிறேன். அது என் கடமை. மாலையில் மகளோடு கடைவீதிக்குப் போகும்போது மட்டும் அவள் சைக்கிளுக்குப் பின்னால்தான் என் சைக்கிள் செல்கிறது.