இளைஞர் பணிக்கும் ஒரு பட்டம்



பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்கு என்னும் சொற்களே நம் இல்லங்களில் ஒலிக்கின்றன. ‘இளைஞர் பணி’ என்றொரு பட்டப்படிப்பு உண்டு என்றால், “இளைஞரோடு பழகுவதற்கும் ஒரு பட்டமா?” என்று பெரியோர் வியப்பர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இப்படிப்பு நன்கு வேரூன்றிய நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அங்கே இளைஞர் மன்றங்களை நெடுங்காலம் தொண்டுள்ளம் படைத்தோரே பெரிதும் நடத்தி வந்தனர். இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பிறந்த பெருந்தொகையான பிள்ளைகள் பதின்பருவம் எய்திய வேளையில், கட்டாயப் படைச்சேவையும் முடிவுக்கு வரவிருந்தது. இந்நிலையை ஆராய அரசு அமைத்த குழு, ஆல்பமார்ல் பெருமாட்டியார் தலைமையில் 1960இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பயிற்சி பெற்ற முழுநேரப் பணியாளரைப் பெருக்குதல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் பயனாக 1961இல் லெஸ்டர் நகரில் ஒரு தேசியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அங்குப் பயிற்சிக் காலம் ஓராண்டே. காலப்போக்கில் இக்கல்வி பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. 2010 முதல் அந்நாட்டில் புதிதாகத் தொழில்முறைத் தகுதி பெறுவோர்க்குப் பட்டம் இன்றியமையாததாயிற்று.

மாணவர் அங்கே கற்பது யாது? வளரிளம் பருவ உளவியல், சமூகவியல், பிள்ளைகளின் பாதுகாப்புக்குரிய சட்டங்கள், குழுவை வழிநடத்தும் முறை ஆகியவை பாடங்கள். எனினும் இப்படிப்பின் உயிர்நாடி களப்பயிற்சியே. மாணவர் பல நூறு மணி நேரம் இளைஞரோடு பணியாற்றுகிறார். தாம் செய்ததையும், அவ்வாறு செய்தது ஏன் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கலந்துரையாடுகிறார்.

ஆசிரியர் கையில் வருகைப் பதிவேடு உண்டு. வராத மாணவனை அவர் கேள்வி கேட்கலாம். இளைஞர் பணியாளர்க்கு அவ்வதிகாரம் இல்லை. மன்றத்திற்கு வரும் இளைஞன் தன் விருப்பத்தால் வருகிறான். விரும்பாதபோது எழுந்து சென்றுவிடலாம். ஆதலின் நம்பிக்கை ஒன்றே அவரை நிலைநிறுத்துகிறது. அந்நம்பிக்கையைப் பெறவும், பெற்றபின் காக்கவும் கற்பதே இக்கல்வி.

ஒரு சிறுமி, “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று கூறித் தன் துயரை உரைக்க வருகிறாள் எனக் கொள்வோம். அன்புள்ளம் உடனே, “சொல்லமாட்டேன்” என வாக்களித்துவிடும். கற்றவர் அவ்வாறு வாக்களியார். “உனக்குத் தீங்கு நேரும் என்றால், உன்னைக் காக்க வல்லவரிடம் சொல்லியாக வேண்டும், இயன்றவரை உன்னிடம் கூறிய பின்னரே சொல்வேன்” என்று முன்னரே தெளிவுபடுத்துவார். அன்பு இருவரிடத்தும் உண்டு. காக்கும் முறையை அறிந்தவர் ஒருவரே.

இப்படிப்பைத் தேர்வோர் அதன் மறுபக்கத்தையும் அறிதல் நலம். 2010க்குப் பின் இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகள் இப்பணிக்கான செலவைப் பெரிதும் குறைத்தன, மன்றங்கள் பல மூடப்பட்டன, பட்டப்படிப்புகளும் அருகின. பெரும்பொருள் ஈட்டும் வழி இதுவன்று.

இத்துறைக் கல்விக்குக் கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. நம் ஸ்ரீபெரும்புதூரில் 1993இல் நிறுவப்பெற்ற இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 2012இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இளைஞர் மேம்பாடு சார்ந்த முதுநிலைக் கல்வி அங்கே வழங்கப்பெறுகிறது.

ஆகவே, மகனோ மகளோ இப்படிப்பை விரும்பினால், “இதற்கும் ஒரு பட்டமா?” என்று நகைத்து ஒதுக்காதீர்கள். “இளைஞர் வருவதில்லையே” என வருந்தாத சங்கம் இன்று அரிது. “அவர்கள் விரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்டு, அவர்தம் விடையைப் பொறுமையுடன் செவிமடுக்கக் கற்றவர் ஒருவரேனும் நம் நடுவே உருவாகட்டும்.