கட்டும் காப்பும்



மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள், அவருடைய ஒப்புதல் இன்றி அவருடைய உடலையோ நடமாட்டத்தையோ விருப்பத்தையோ தடுத்து நிறுத்தும் செயல் எதுவாயினும், அதற்குக் ‘கட்டுப்படுத்தும் நடைமுறை’ என்று இத்துறையினர் பெயரிட்டிருக்கின்றனர். ஆஸ்திரேலிய நாடு 2018-இல் வகுத்த விதிகள் இதனை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஒருவரைக் கையால் பிடித்து அமுக்கி வைப்பது உடல்வழிக் கட்டு. கயிறு, சங்கிலி, வார் முதலியவற்றால் பிணைப்பது கருவிவழிக் கட்டு. நோயைத் தணிப்பதற்காக அன்றி, ஆள் அடங்கிக் கிடப்பதற்காகவே மாத்திரை கொடுப்பது மருந்துவழிக் கட்டு. தனியறையில் அடைத்துத் தாழிடுவது ஒதுக்கிப் பூட்டல். அடுக்களையையும் வாசற்கதவையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதும், சக்கர நாற்காலியை எட்டாத மூலையில் நிறுத்திவைப்பதும் சூழல்வழிக் கட்டு.

இந்த ஐந்தும் வெளிநாட்டு நூல்களில் மட்டும் உள்ளவை அல்ல. கட்டில் காலோடு சேர்த்து முடிச்சிட்ட பழைய நூல்சேலை, மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துத் தடித்துப்போன வளையத் தழும்பு, இரவு எட்டு மணிக்கே இட்லியோடு பிசைந்து ஊட்டப்படும் தூக்க மாத்திரை, வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் உள்ள பின்னறை ஆகியவை தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு அந்நியமானவை அல்ல என்பதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து கூடியிருக்கும் இவ்வவையினர் அறிவர். ‘அவனுடைய நல்லதுக்குத்தான்’ என்ற ஒரே சொல், ஐந்து கட்டுகளுக்கும் போர்வையாக விரிக்கப்படுகிறது.

இந்தச் சொல்லை ஆராய்வதற்குக் கடலூரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இருக்க முடியாது. சேக்கிழார் பாடித் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாக மரபு கூறும் பெரியபுராணத்தில், திருநாவுக்கரசர் பட்ட தண்டனைகள் வரிசையாக வருகின்றன. சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் அவரை ஏழு நாள் அடைத்துப் பூட்டினார்கள். பாற்சோற்றில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். இறுதியில் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தார்கள். பூட்டல், உணவோடு கலந்து கொடுத்தல், கருவியால் பிணைத்தல் ஆகிய மூன்றும் ஒருவரைத் தம் வழிக்குத் திருத்துவதற்காக அதிகாரத்தில் இருந்தோர் செய்தவையே. கல் மிதந்து அவர் கரை சேர்ந்த இடம் திருப்பாதிரிப்புலியூர்; கரையேறவிட்ட குப்பம் என்ற பெயர் இன்றும் அந்நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே வரலாற்றின் தொடக்கத்தில் வேறொரு காட்சி உண்டு. சூலை நோயால் துடித்து நடக்க மாட்டாமல் வந்த தம்பியைத் திருவதிகையில் ஏற்றுக்கொண்ட திலகவதியார், அவரைக் கட்டவில்லை, அடைக்கவில்லை. திருநீறு அளித்து, விடியற்காலையில் கூடவே கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயுற்றவரோடு நடப்பது ஒரு வழி என்றும், நோயுற்றவரைப் பிணைப்பது இன்னொரு வழி என்றும், இரண்டையும் ஒரே மண்ணின் கதையாக வைத்திருக்கும் மாவட்டம் இது.

புராணத்தில் கல் மிதந்தது. ஏர்வாடியில் சங்கிலி கழலவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தக் கடலோரத் தர்கா ஊரில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் கருகினர். இறந்தவர்கள் 28 பேர். அலறல் கேட்காமல் போகவில்லை. பூட்டைத் திறக்க ஆள் வரவில்லை. அதன்பின் அவ்வூரில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர்; உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, நாடெங்கும் இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஏர்வாடியோடு சங்கிலி ஒழிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2023 பிப்ரவரி மாதம் மறுமொழி சொன்னது. 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள குண்டலப்புலியூரில், உரிய உரிமம் இன்றி இயங்கிய ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டதாகவும், குரங்குகளை ஏவிக் கடிக்கவைக்கப்பட்டதாகவும், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவும் புகார்கள் எழுந்து, வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. ஏர்வாடி நிகழ்ந்து 22 ஆண்டு ஆகும் தறுவாயில், கடலூருக்கு அடுத்த மாவட்டத்தில், இப்படியொரு புகார் எழ இடம் இருந்தது என்பதே வெட்கத்துக்குரியது.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் வளராமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றுறுதி செய்தது. அதன் வழியில் பிறந்தவை இரண்டு சட்டங்கள்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஒன்று, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மற்றொன்று. பிந்திய சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று விலக்கே இல்லாமல் தடை செய்கிறது. உத்தரப் பிரதேசத்தில் வழிபாட்டிடம் சார்ந்த காப்பகம் ஒன்றில் மனநோயாளிகள் சங்கிலியில் வைக்கப்பட்டிருந்ததை அறிந்த உச்ச நீதிமன்றம், அது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமைக்கே எதிரானது என்று 2019 ஜனவரியில் கூறியது.

97-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. பராமரிப்பு இல்லம் நடத்தும் ஒவ்வொருவரும் அதனைப் படித்திருக்க வேண்டும். தனியறையில் அடைப்பதை அது அறவே தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு ஒரு நிமிடமும் மிகாமல் செய்யலாம் என்கிறது. கட்டின் தன்மை, காரணம், கால அளவு ஆகிய மூன்றும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். நோயாளி தம் சார்பில் பேசுவதற்கென முன்கூட்டியே பெயர் குறித்த நியமனப் பிரதிநிதிக்கு ஒவ்வொரு கட்டும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். தண்டனையாகவோ அச்சுறுத்தலாகவோ கட்டக் கூடாது. இவை எல்லாவற்றிலும் கூர்மையானது ஒன்று உண்டு: பணியாளர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது. ‘இருபது பேருக்கு இரண்டு ஆயாம்மா, என்ன செய்வது’ என்ற வழக்கமான விடையை இந்த ஒரு தொடர் செல்லாததாக்கிவிடுகிறது. கட்டாமல் நடத்த முடியும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. இலண்டன் அருகே ஹான்வெல் மனநல விடுதியின் பொறுப்பை 1839-இல் ஏற்ற ஜான் கொனோலி என்னும் மருத்துவர், ஏறத்தாழ 800 நோயாளிகள் இருந்த அந்த இடத்தில் சில மாதங்களுக்குள் கருவிவழிக் கட்டுகளை முற்றாகக் கைவிட்டார். இன்றுள்ள மனநோய் மருந்துகளில் ஒன்றுகூட அன்று அவர் கையில் இல்லை.

இவ்வளவு தெளிவான சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இப்பேச்சின் நோக்கம் அதனைச் சுட்டுவதே. மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மனநோய்’ என்பதற்குத் தரும் வரையறை, அறிவுசார் குறைபாட்டை, அதாவது மனவளர்ச்சி தடைப்பட்டதால் கற்பதும் புரிந்துகொள்வதும் குறைந்திருக்கும் நிலையை, தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. மனநோய்க்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மதிக்கும் வகையில் அந்த வரையறை சரியானதே. ஆனால் அதன் விளைவாக, மனநோய் எதுவும் இல்லாத, அறிவுசார் குறைபாடு மட்டுமே உள்ள ஓர் இளைஞரை இல்லமோ சிறப்புப் பள்ளியோ கட்டி வைக்கும்போது, 97-ஆம் பிரிவின் நேர வரம்பும் பதிவும் அறிவிப்பும் அவருக்குக் கிடைப்பதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சித்திரவதையிலிருந்தும் இழிவான நடத்தையிலிருந்தும் காப்பு அளிப்பது உண்மை. 92-ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவையோ நீரையோ மறுத்தாலும், துணைக்கருவியின் பயன்பாட்டில் குறுக்கிட்டாலும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது. பசித்தோருக்குச் சோறிடும் வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரியும் மாவட்டத்தில், ‘சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இன்று சோறு இல்லை’ என்று எங்கேனும் சொல்லப்படுமானால், அது குற்றம் என்பதை அச்சட்டம் ஐயமின்றி நிறுவியிருக்கிறது. எனினும் குற்றம் நடந்த பிறகு தண்டிப்பது வேறு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டும் எழுதப்பட்டு, பிறர் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது வேறு. எழுதப்படாத கட்டு பழக்கமாகிறது. பழக்கமான கட்டு பராமரிப்பு என்றே பெயர் பெற்றுவிடுகிறது.

கட்டாமல் என்ன செய்வது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர், களைத்துப்போனவர்கள். அவர்களுக்கு உரிய விடை ஒன்றே: பேச முடியாதவருக்கு நடத்தையே பேச்சு. தலையைச் சுவரில் மோதும் சிறுவனுக்குக் காதுவலியோ பல்வலியோ மூன்று நாள் மலச்சிக்கலோ இருக்கலாம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் நான்கு வீதிகளிலும் நகரும் நாளில், மேளமும் வேட்டும் ஒலிபெருக்கியும் ஒன்றாய் எழும்போது, ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அருகில் இருப்பவரின் கையைக் கடிக்கிறது என்றால், அக்குழந்தை வன்முறை செய்யவில்லை. தாங்க முடியவில்லை என்று சொல்கிறது. கடித்ததற்காக அதனை அறையில் பூட்டினால் ஓசை குறையாது, அச்சம் மட்டும் கூடும். தேர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே படங்களைக் காட்டிப் பழக்குவதும், பருத்திப் பஞ்சோ காதுறையோ கொடுப்பதும், அன்று மட்டும் வீதிக்கு அப்பால் உள்ள உறவினர் வீட்டில் தங்கவைப்பதும் கட்டுக்கு மாற்று. நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று நாள்தோறும் குறித்து, முன் நிகழ்வை மாற்றி நடத்தையை மாற்றும் இம்முறைக்கு நேர்வழி நடத்தை ஆதரவு என்பது பெயர். இதற்குப் பொறுமையும் பயிற்சியும் ஆளும் தேவை.

ஆள் என்ற சொல்லைச் சொல்லும்போதே குடும்பங்களின் நிலையைச் சொல்லியாக வேண்டும். வயற்காட்டுக்கோ மீன் ஏலத்துக்கோ போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், பதினெட்டு வயது மகனை வீட்டில் தனியே விட முடியாமல் கட்டிலில் கட்டிவிட்டுப் போகும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதி ஆகாது. அறிவுசார் குறைபாடு உள்ளோருக்குத் தமிழக அரசு மாதந்தோறும் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். பகல் முழுதும் துணையிருக்கும் ஒருவருக்கு அது நான்கைந்து நாள் கூலிகூட ஆகாது. பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் ஒன்றியம் தோறும் வர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் கரையோரக் குப்பங்களை எட்ட வேண்டும். வீட்டில் உள்ள கயிறு வறுமையின் கயிறு. பணம் பெற்றுக்கொண்டு நடத்தும் இல்லத்தில் உள்ள கயிற்றுக்கு அந்த மன்னிப்பு இல்லை.

கடலூருக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தில் ஏறியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தைக் கூரையின்றி விட்டது. 2015-இல் வெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தது. ஏர்வாடியில் தீ செய்ததை இங்கே தண்ணீர் செய்யக்கூடும். மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவைப் பேணி, இடர் வருமுன் அவர்களுக்குத் தெரிவிக்கும் கடமை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு விதிக்கிறது. அந்தப் பதிவில் எந்த இல்லத்தில் எத்தனை கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது என்பதும் சேர வேண்டும்.

ஆகவே இவ்வவை மாவட்ட நிர்வாகத்துக்கு முன்வைக்கும் கோரிக்கை சிறியது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவும் பதிவுச் சான்று இன்றி இயங்கக் கூடாது என்று சட்டம் கூறுகிறது. அந்தச் சான்றை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், கட்டுப்படுத்திய ஒவ்வொரு நிகழ்வையும் நேரம், காரணம், செய்தவர், அனுமதித்தவர், குடும்பத்துக்குத் தெரிவித்த நாள் ஆகியவற்றோடு எழுதும் பதிவேட்டை நிபந்தனையாக்க வேண்டும். மனநோயாளிக்குச் சட்டம் தந்த அதே காப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் இம்மாவட்டத்திலேனும் கிடைக்கட்டும்.

அவையோர் செய்யக்கூடியதும் உண்டு. தம் தெருவில் உள்ள இல்லத்துக்கு ஒருமுறை சென்று, பதிவுச் சான்று எங்கே, இரவில் எத்தனை பேர் காவல், சாவி யாரிடம் என்று கேட்கலாம். ஒருவர் கட்டப்பட்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், உறவினராக இல்லாவிட்டாலும் எவரும் நிர்வாக நடுவருக்கு, அதாவது வட்டாட்சியருக்கோ கடலூர், சிதம்பரம் கோட்ட அலுவலர்களுக்கோ, தகவல் கொடுக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு வழி செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்ட உதவி இலவசம். அதற்கான எண் 15100. மனநல ஆலோசனைக்குரிய எண் 14416. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் இம்மாவட்டத்தின் ஒவ்வோர் இல்லத்திலும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள்கள் கழற்றப்பட வேண்டும்.