ரிவர்ஸ் லைட் மங்கலா இருக்கா? பல்பு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இந்த எபிசோடுல, கார் வச்சிருக்கிற பல பேர் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு விஷயத்தைப் பத்திப் பேசப் போறேன். ரிவர்ஸ் லைட். ஹெட்லைட்டுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. ரிவர்ஸ் லைட் ஞாபகம் வர்றது எப்போன்னா, ராத்திரி பதினோரு மணிக்கு அப்பார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்ல ரெண்டு தூணுக்கு நடுவுல வண்டியைப் பின்னாடி எடுக்கும்போதுதான்.

உங்கள்ல நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "சின்ன கார், பழைய மாடல், பின்னாடி ஒண்ணுமே தெரியல. பிரைட்டான பல்பு போடலாமா?" போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி மூணு கேள்விக்குப் பதில் தெரியணும். இப்போ இருக்கிற வெளிச்சம் எங்கே தொலையுது? எவ்வளவு கூட்டலாம்? கூட்டினா பின்னாடி நிக்கிறவருக்கு என்ன ஆகும்?

மங்கலா இருக்கிறதுக்குக் காரணம்

முதல்ல வண்டிக்குப் பின்னாடி போய் எத்தனை லைட் எரியுதுன்னு எண்ணிப் பாருங்க. பல சின்ன கார்ல ஒரு பக்கம் மட்டும்தான் ரிவர்ஸ் லைட் இருக்கும். அது ரிப்பேர் இல்லை, டிசைனே அப்படித்தான். ஐ.நா. வாகன விதிமுறை எண் 48-படி காருக்கு ஒரு ரிவர்ஸ் லைட் கட்டாயம், இரண்டாவது விருப்பம். விதிமுறை எண் 23, அந்த லைட் நேர் பின்னாடி குறைந்தது 80 கேண்டெலா தரணும்னு சொல்லுது. ஒரு கேண்டெலாங்கிறது தோராயமா ஒரு மெழுகுவர்த்தி ஒரு திசையில தர்ற வெளிச்சம். அப்போ குறைந்தபட்சக் கணக்கு 80 மெழுகுவர்த்தி.

அதே விதிமுறைல ஒரு மேல் வரம்பும் இருக்கு. கிடைமட்டத்திலயும் அதுக்கு மேலயும் போற வெளிச்சம் 300 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

உள்ளே இருக்கிற பல்பு பெரும்பாலும் ரெண்டு வகைல ஒண்ணு. முதல் வகை பி21டபிள்யூ. உருண்டைக் கண்ணாடி, அழுத்தித் திருப்பி மாட்டுறது. 21 வாட், சுமார் 460 லூமன். இன்னொண்ணு டபிள்யூ16டபிள்யூ. பித்தளை அடிப்பாகம் இல்லாம அப்படியே சொருகுறது. 16 வாட், சுமார் 310 லூமன். வீட்டுல எரியுற 9 வாட் எல்இடி பல்பே 800 லூமனுக்கு மேல தரும். அதோட ஒப்பிட்டா ரிவர்ஸ் லைட் ஏன் பாவமா தெரியுதுன்னு புரியும்.

முதல்ல டீபக் பண்ணுங்க

எங்க வேலைல ஒரு பழக்கம் உண்டு. ஆப் ஸ்லோவா இருந்தா உடனே பெரிய சர்வர் வாங்க மாட்டோம். எந்த இடத்துல நேரம் வீணாகுதுன்னு முதல்ல அளப்போம். இங்கேயும் அதேதான்.

பல்பைக் கழற்றிப் பாருங்க. கண்ணாடி உள்பக்கம் கருத்திருந்தா, இழையில இருந்து ஆவியான டங்ஸ்டன் அங்கே போய்ப் படிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதே வாட்ல புது பல்பு போட்டாலே வித்தியாசம் தெரியும். அடுத்து வெளி லென்ஸ். அழுக்கா, மஞ்சளாயிடுச்சா, உள்ளே தண்ணி கோத்திருக்கான்னு பாருங்க. மூணாவது பின் கண்ணாடி. அதுல கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தா பிரச்சினை லைட்ல இல்லை, ஃபிலிம்லதான். மத்திய மோட்டார் வாகன விதி 100, பின் கண்ணாடி வழியா குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வரணும்னு சொல்றது சும்மா இல்லை.

நாலாவதுதான் எல்லாரும் விட்டுடுறது. வோல்டேஜ். இழை பல்போட வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்துல மாறாது. தோராயமா வோல்டேஜோட 3.4 அடுக்குல மாறும். அதாவது வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். பழைய வண்டில ஹோல்டர் பச்சை பூத்திருக்கும், எர்த் கனெக்‌ஷன் துரு பிடிச்சிருக்கும். அங்கே ஒரு வோல்ட் காணாமப் போறது சர்வ சாதாரணம்.

எங்க அப்பாவோட பழைய ஹேட்ச்பேக்ல மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன். ரிவர்ஸ் லைட் எரியும்போது பேட்டரில 12.5 வோல்ட், பல்பு ஹோல்டர்ல 11.2. நடுவுல 1.3 வோல்ட்டைக் காணோம். ஹோல்டரை உப்புத்தாள் வச்சு லேசாத் தேய்ச்சு, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ணி இறுக்கினேன். திரும்ப அளந்தா 12.2. அந்த 3.4 அடுக்குக் கணக்குப்படி, அதே பல்புல வெளிச்சம் மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

நீங்க அளக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. சாவி ஆன், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு செங்கல், அதுக்கப்புறம் ரிவர்ஸ் கியர். பல்பு எரிஞ்சிட்டு இருக்கும்போதே அளக்கணும். பல்பைக் கழற்றிட்டு அளந்தா கரண்ட் ஓடாது. துரு இருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டி ஏமாத்திடும்.

வாட் கூட்டுறதா, எல்இடியா?

இவ்வளவும் சரி பண்ணியும் போதலைன்னா, இப்போ கடைக்குப் போலாம். சென்னைல இருக்கிறவங்களுக்கு ஜிபி ரோடு, புதுப்பேட்டைன்னு சொன்னாலே போதும். அங்கே ரெண்டு வழி காட்டுவாங்க.

ஒண்ணு, 50 வாட் மாதிரி அதிக வாட் இழை பல்பு. இது வேண்டாம். 21 வாட் பல்பு சுமார் 1.6 ஆம்பியர் இழுக்கும், 50 வாட் 3.7 ஆம்பியர். நிறைய சின்ன கார்ல நடுவுல ரிலே கிடையாது. மொத்தக் கரண்ட்டும் கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் சுவிட்ச் வழியாத்தான் போகும். மெல்லிசான வயரும் அந்தச் சுவிட்சும் 21 வாட்டை நினைச்சுப் போட்டது. இழை பல்பு வாங்குற கரண்ட்ல பெரும் பகுதியைச் சூடாத்தான் மாத்தும். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் இளகிட்டா முழு டெயில் லாம்ப்பையே மாத்தணும்.

ரெண்டாவது எல்இடி. இந்த இடத்துக்கு இது நல்லாவே பொருந்தும். எல்இடியோட பெரிய எதிரி சூடு. ரொம்ப நேரம் எரிஞ்சா சூடாகி வெளிச்சம் குறையும். ஆனா ரிவர்ஸ் லைட் ஒரு தடவைக்கு அரை நிமிஷம்தான் எரியுது. சூடாகுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

பெட்டி மேல எழுதியிருக்கிற "100 வாட், 5000 லூமன்" கதையை மட்டும் நம்பாதீங்க. மல்டிமீட்டரை சீரிஸ்ல வச்சு கரண்ட் எவ்வளவுன்னு பாருங்க. 12 வோல்ட்ல 0.5 ஆம்பியர்னா அது 6 வாட். ஒரு வாட்டுக்கு 100 லூமன்னு தாராளமா வச்சாலும் 600 லூமன். அது மோசமில்லை, பழைய 460-ஐ விடக் கூடத்தான். ஆனா 5000 கிடையாது.

அடுத்து ஃபோகஸ். உங்க லாம்ப்போட ரிஃப்ளெக்டர், இழை எங்கே இருக்கும்னு கணக்குப் பண்ணிச் செஞ்சது. எல்இடி சிப்புகள் அதே உயரத்துல, சுத்திலும் இருக்கிற பல்பா பார்த்து எடுங்க. சிப்பெல்லாம் நுனில மட்டும் இருந்தா நடுவுல ஒரு பளிச் வட்டம் விழும், ஓரமெல்லாம் இருட்டா இருக்கும். தூணும் பைக்கும் இருக்கிறது அந்த ஓரத்துலதான்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பழைய பல்போட அடிப்பாகத்தைப் பார்த்து வாங்குங்க. அடியில ஒரே புள்ளி, ரெண்டு பின்னும் நேர் எதிரா இருந்தா அது பிஏ15எஸ். அடியில ரெண்டு புள்ளி இருந்தா அது பிரேக் லைட்டும் டெயில் லைட்டும் சேர்ந்த பல்பு, வேற ரகம். சொருகுற வகை எல்இடி எரியலைன்னா திருப்பிச் சொருகுங்க, எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. நிறம் வெள்ளையாத்தான் இருக்கணும். நீலம் அடிக்கிற ரகம் ஸ்டைலுக்குச் சரி, ரூல்ஸுக்குச் சரி வராது. ரிவர்ஸ் கேமராவுக்கு அதே வயர்ல இருந்து கரண்ட் எடுத்திருந்தா, மட்டமான எல்இடி திரையில கோடு கோடா விழ வைக்கலாம். கடைக்காரர் முன்னாடியே மாட்டிப் பார்த்துடுங்க.

பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்

இப்போ அந்த 300 கேண்டெலாவுக்கு வருவோம். ரிவர்ஸ் லைட்டுக்கு ரெண்டு வேலை. நமக்குப் பின்னாடி வழி காட்டுறது ஒண்ணு. "நான் பின்னாடி வர்றேன்"னு மத்தவங்களுக்குச் சொல்றது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது வேலை கெட்டா முதல் வேலையால பிரயோஜனம் இல்லை.

எங்க அப்பார்ட்மென்ட்ல ஒருத்தர் பம்பருக்குக் கீழ தனியா ரெண்டு எல்இடி பார் மாட்டியிருக்கார். அவருக்குச் சுவர்ல இருக்கிற ஆணிகூடத் தெரியும். ஆனா ஸ்கூட்டர்ல உள்ளே வந்த ஒரு அக்கா அந்த வெளிச்சத்துல கண் கூசி அப்படியே நின்னுட்டாங்க. கார் நிக்குதா, நகருதா, எவ்வளவு தூரத்துல இருக்கு, எதுவும் தெரியலைன்னு சொன்னாங்க. ஒதுங்க வேண்டியவங்க ஒதுங்க முடியாம நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அது அவரோட லைட்தான், ஆனா அது விழுறது அடுத்தவங்க கண்ணுல.

இன்னொரு விஷயம். எவ்வளவு லூமன் போட்டாலும் பம்பரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற குழந்தை உங்க கண்ணாடியில தெரியாது. டிக்கியும் பின் சீட்டும் மறைக்கும். வெளிச்சம் விழுந்தாலும் உங்க பார்வை அங்கே விழாது. இந்தியாவுல 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்கள்ல ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதுக்கு முந்தின வண்டின்னா அது இல்லாமலேகூட இருக்கலாம். இருந்தாலும் சென்சாருக்குப் பள்ளம் தெரியாது. ஸ்டில்ட் பார்க்கிங்தான் நம்ம ஊர்க் குழந்தைகளோட கிரிக்கெட் கிரவுண்ட். பந்து உருண்டு போய் நிக்கிற இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு காருக்கு அடியில. அதனால வண்டில ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி சுத்திட்டு வாங்க. பத்து செகண்டுதான் ஆகும்.

எப்படிச் சரிபார்க்கிறது?

ராத்திரி, காலியான இடம். பம்பர்ல இருந்து 1, 2, 3 மீட்டர்ல மூணு காலி தண்ணி பாட்டில் வைங்க. டிரைவர் சீட்ல உட்கார்ந்து கண்ணாடியில எது தெரியுதுன்னு பாருங்க. பழைய பல்பு, சுத்தம் பண்ணின பிறகு, புது பல்புன்னு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தடவை. போன்ல போட்டோ எடுத்து ஒப்பிடுறதா இருந்தா எக்ஸ்போஷரை லாக் பண்ணிடுங்க. ஆட்டோல விட்டா போனே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டும்.

கடைசியா நண்பர் ஒருத்தரை அஞ்சு மீட்டர் பின்னாடி பைக்ல உட்காரச் சொல்லுங்க. "கண் கூசுதா? நான் நகர்றது தெரியுதா?"ன்னு கேளுங்க. கூசுதுன்னா அந்தப் பல்பு வேண்டாம். கூசலை, உங்களுக்கும் மூணாவது பாட்டில் தெரியுதுன்னா அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. காருக்குள்ள இருக்கிற டச் ஸ்கிரீனோட பிரைட்னஸை ராத்திரில குறைச்சு வைங்க. அந்த ஸ்கிரீன் வெளிச்சம்தான் உங்க கண்ணை இருட்டுக்குப் பழக விடாம வச்சிருக்கும்.

ஆக, ஆர்டர் இதுதான். துடைங்க, அளங்க, எர்த்தைச் சரி பண்ணுங்க, புது பல்பு போடுங்க. அப்பவும் போதலைன்னா அளவான எல்இடி. உங்க வண்டில ஹோல்டர்ல எத்தனை வோல்ட் காட்டுதுன்னு அளந்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். பார்த்து ஓட்டுங்க மக்களே!