கணினி நின்றுவிட்டால் நாம் செய்ய வேண்டுவது என்ன?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடையே நிகழ்த்திய உரை)



1929-ஆம் ஆண்டில் இம்மலையில் போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், செக்ரோலும் சம்பளப் பேரேடும் கிராணியாரின் பேனாவினாலேயே எழுதப்பெற்றன. இன்று தோட்டக் கணக்குகள் கணினியில் ஏறிவிட்டன. நம் பிள்ளைகளின் உயர்கல்வி விண்ணப்பமும் கணினி வழியே செல்கின்றது. ஆகவே, கணினியில் ஒரு செயலி அசைவற்று நிற்குமாயின், ஒரு மாத உழைப்பின் கணக்கோ ஒரு பிள்ளையின் வாய்ப்போ அதனோடு சேர்ந்து நிற்கின்றது. அவ்வேளையில் நம்மில் பலர் பதறி மின்சாரத்தை அணைத்துவிடுகின்றோம். சேமிக்கப்படாத வேலை அத்துடன் அழிந்துபோகும். திறந்திருந்த கோப்பும் பழுதுறக்கூடும்.

நின்றது எது என்பதனை முதலில் அறிதல் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல் எனப் பல கட்டங்கள் உள்ளன. உருட்டும் இயந்திரம் நின்றுவிட்டால், உலர்த்தும் அடுப்பு இலையின்றிக் காத்திருக்கும். அதனால் அடுப்பு கெட்டுவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. கணினியிலும் அவ்வாறே ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்பதுண்டு.

விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பார்ப்போம். அதன் விளக்கு எரிந்து அணையுமாயின், பழுது பெரும்பாலும் ஒரு செயலியில்தான் இருக்கும். விளக்கும் மாறாமல், சுட்டியும் நகராமல், சில நிமிடங்கள் பொறுத்தும் பயனில்லையெனில், கணினி முழுவதுமே நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். அப்போதுதான் மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்தல் தகும்.

செயலி மட்டுமே நின்றிருப்பின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0 முதல் இவ்வசதி இருந்து வருகின்றது. அதில் 'நாட் ரெஸ்பாண்டிங்' எனக் காணப்படின், அச்செயலி மடிந்துவிட்டதாகப் பொருளன்று. விண்டோசின் அழைப்புக்கு அது சுமார் 5 விநாடிகளாக மறுமொழி தரவில்லை என்பதே பொருள்.

அங்குள்ள எண்கள் காரணத்தைக் காட்டும். 'டிஸ்க்' 100 விழுக்காட்டில் இருப்பின், வட்டில் எழுதும் அல்லது படிக்கும் வேலை நெருக்கியுள்ளது, பொறுத்திருத்தல் நலம். 'மெமரி' நிறைந்திருப்பின், வேண்டாத பிற செயலிகளை மூடிவிடலாம். 'சிபியு' உயர்ந்தே நின்றால், பெருங்கணக்கு ஒன்று நடைபெறலாம். அல்லது செயலி முடிவில்லாச் சுழலில் சிக்கியிருக்கலாம். யாவும் அமைதியாயிருந்தும் செயலி அசையாவிடின், அது அச்சுப்பொறிக்கோ இணையத்திற்கோ காத்திருக்கக்கூடும். அவ்விரண்டின் இணைப்பையும் சோதித்தல் வேண்டும்.

பால் நின்ற ரப்பர் மரத்தை நாம் உடனே சாய்த்துவிடுவதில்லை. பட்டையைப் பார்த்து ஓய்வு கொடுக்கின்றோம். அப்பொறுமை இங்கும் வேண்டும். 'எண்ட் டாஸ்க்' என்பது இறுதி வழியே. அதனைச் செய்யுமுன் திரையில் உள்ளவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. நின்ற நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் எழுதி வைத்தால், பழுது பார்ப்பவருக்கு அது பெருந்துணையாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வேலையைச் சேமிக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.