தொட்டுக் குணமாக்குதலும் நமது விசுவாசமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நோயாளர் தினக் கூட்டத்தில், நோயாளரைச் சந்திக்கும் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த நன்னாளில் எங்களுக்குத் தரப்பட்ட பொருள் சற்றுச் சிக்கலானது. ரெய்க்கி, பிராண சிகிச்சை என்றெல்லாம் சொல்லப்படும் சக்தி சிகிச்சைகளைக் கத்தோலிக்கராகிய நாம் ஏற்கலாமா? நோயாளரின் வீடுகளுக்குச் செல்லும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகின்ற கேள்வி இது. கேட்கிறவர்கள் தர்க்கம் செய்வதற்காகக் கேட்பதில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார், வலி தூங்கவிடுவதில்லை, பக்கத்து வீட்டார் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு முகவரியைத் தருகிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆகவே, கேட்டவர்களைக் கடிந்துகொள்ளும் நோக்கம் எங்களுக்கு இல்லை. அவர்கள் கேள்விக்கு நேர்மையான விடை காண்பதே எங்கள் நோக்கம்.

முதலாவது, இந்தச் சிகிச்சை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ரெய்க்கி ஜப்பான் நாட்டில் பிறந்தது. மிகாவோ உசூயி என்பவர் 1922-இல் கியோத்தோ நகருக்கு அருகிலுள்ள குராமா மலையில் இருபத்தொரு நாள் நோன்பிருந்து இதைப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அகில உலகிலும் பரவிய ஓர் உயிர்ச் சக்தி உண்டு. அது உடலில் தடைபட்டால் நோய் வருகிறது. சிகிச்சை செய்பவர் தம் கைகளை நோயாளியின் மேல் வைத்து, அல்லது சற்று விலக்கிப் பிடித்து, அந்தச் சக்தியைப் பாயவிடுகிறார். இதுதான் அதன் சாரம். இந்த ஆற்றல் படித்துப் பெறுவது அன்று. ஓர் ஆசான் தீட்சை போன்ற சடங்கினால் சீடருக்குத் திறந்துவிடுவது. அதற்கென்று குறிகளும் படிநிலைகளும் உண்டு. ஹவாய்த் தீவில் பிறந்த ஹவாயோ தக்காத்தா என்ற அம்மையார் இதை அமெரிக்காவில் பரப்பினார். ஆசான் நிலையை அடைய அவர் வைத்த கட்டணம் பத்தாயிரம் டாலர். 1980-இல் அவர் இறக்கும்போது அவரால் ஆசானாக்கப்பட்டவர்கள் இருபத்திரண்டு பேர். பிராண சிகிச்சை என்பது பிலிப்பைன்ஸ் நாட்டில் சோவா கோக் சுயி என்பவரால் முறைப்படுத்தப்பட்டது. அவருடைய முதல் நூல் 1987-இல் வந்தது. பெயர்களும் முறைகளும் வேறு. அடிப்படை ஏறக்குறைய ஒன்றே.

இரண்டாவது, இது மருத்துவமா? மருத்துவம் என்றால் நாம் அஞ்சவேண்டியதில்லை. மருத்துவனை மதிக்கும்படியும், மண்ணிலிருந்து ஆண்டவர் தரும் மருந்துகளை அறிவுள்ளவன் வெறுத்து ஒதுக்கமாட்டான் என்றும் சீராக் ஞான நூல் தன் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் போதிக்கின்றது. புனித லூக்காஸ் ஒரு மருத்துவர். திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் புனித சின்னப்பர் சொன்னது சிறிது திராட்சை இரசம். நம் பாட்டிமார் தரும் கஷாயமும், சித்த வைத்தியரின் சூரணமும், வலித்த காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் இயற்கையைச் சார்ந்தவை. அவற்றை விசுவாசத்தின் பெயரால் யாரும் தடுக்கவில்லை. கைதேர்ந்தவர் கொடுக்கிறாரா, பயன் தருகிறதா என்பதே அங்கே கேள்வி.

ஆனால் சக்தி சிகிச்சையின் அடிப்படையான அந்தச் "சக்தி" இதுவரை எந்தக் கருவியிலும் பதிவானதில்லை. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லாமலும் இல்லை. 1778-இல் மெஸ்மர் என்ற மருத்துவர் பாரீஸ் நகருக்கு வந்து, உடலில் ஓடும் ஒருவகைக் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்னார். ஊரே அவர் பின்னால் சென்றது. 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாய்சியரும் அதில் இருந்தார்கள். தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் சக்தி ஏற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றார்கள். சக்தி ஏற்றாத மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான்! காந்தம் ஒன்றும் செய்யவில்லை, மனத்தின் எதிர்பார்ப்பே செய்தது என்று அந்தக் குழு தீர்ப்பளித்தது.

நம் காலத்திலும் ஒரு சோதனை உண்டு. 1972 முதல் அமெரிக்காவில் தாதிகளிடையே பரவிய "சிகிச்சைத் தொடுகை" என்ற முறையில், நோயாளியின் உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர முடியும் என்பார்கள். எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி தன் பள்ளி அறிவியல் செய்முறைக்காக ஓர் எளிய வழி கண்டுபிடித்தாள். நடுவில் ஓர் அட்டைத் திரை. சிகிச்சையாளர் தம் இரு கைகளையும் திரைக்கு அப்பால் நீட்டவேண்டும். சிறுமி தன் கையை அவருடைய ஒரு கையின்மேல் சற்று விலக்கிப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இருபத்தொரு சிகிச்சையாளர்கள், 280 தடவைகள். சரியாகச் சொன்னவை 123, அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்கு. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட நூற்றுக்கு ஐம்பது கிடைத்திருக்கும்! இந்த முடிவு 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

"ஆனாலும் எனக்குச் சுகமாக இருந்ததே!" என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யென்று நாங்கள் சொல்லமாட்டோம். அமைதியான அறை, மெல்லிய குரல், ஒரு மணி நேரம் நமக்காகவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். இவை யாருக்கும் இதமளிக்கும். வலிகூடச் சற்றுக் குறைந்ததாகத் தோன்றும். அந்த இதம் உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் உண்மையல்ல. இதம் கண்டதை நோய் தீர்ந்ததாக எண்ணி, மாத்திரையை நிறுத்தியவருக்கும், சிகிச்சையைத் தள்ளிப்போட்டவருக்கும் விளையும் தீங்கு சொல்லி முடியாது. புற்றுக்கட்டி நம் எதிர்பார்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

மூன்றாவது, இது மருத்துவமில்லை என்றால் செபமா? "இயேசுவும் கைகளை வைத்துத்தானே குணமாக்கினார்? பெரும்பாடுள்ள பெண் அவர் ஆடையைத் தொட்டபோது அவரிடமிருந்து வல்லமை வெளிப்பட்டதே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த நிகழ்ச்சியை முழுவதும் வாசியுங்கள். ஆண்டவர் அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் மறைந்துபோக விடவில்லை. அவளைத் தேடினார், பேசவைத்தார், மகளே என்று அழைத்தார், அவளுடைய விசுவாசமே அவளைக் குணமாக்கியது என்றார். குழாயில் நீர் வருவதுபோல் யார் திறந்தாலும் பாயும் ஒரு சக்தி அங்கே இல்லை. அங்கே இருப்பவர் ஓர் ஆள். அவர் அழைக்கிறார், அன்பு செய்கிறார், தாம் விரும்பியபடி கொடுக்கிறார். அழகு வாயிலில் முடவனை எழுப்பிய இராயப்பரும், தம் சொந்த வல்லமையால் இதைச் செய்ததுபோல் தம்மைப் பார்க்கவேண்டாமென்று மக்களிடம் சொன்னார். சமாரியாவில் சீமோன் என்ற மந்திரவாதி, கைகளை வைத்துப் பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் ஆற்றலைப் பணத்துக்குக் கேட்டபோது, அதே இராயப்பர் அவனை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதும் நமக்குத் தெரியும். செபம் என்பது கேட்பது. கேட்டபின் அவர் சித்தத்துக்கு விட்டுவிடுவது. ஒரு சக்தியைப் பிடித்து நம் விருப்பப்படி செலுத்துவதாகச் சொல்வது செபமாகாது.

இந்த வேறுபாட்டைத்தான் அமெரிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2009-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் விளக்கியது. திருச்சபை அறிந்த குணமளிக்கும் வழிகள் இரண்டு: ஒன்று இறையருள், மற்றொன்று இயற்கையின் ஆற்றல். ரெய்க்கி இவ்விரண்டிலும் சேராது. ஆதலால் அதை நம்புகிற கத்தோலிக்கர் மூடநம்பிக்கையின் எல்லைக்குள் கால் வைக்கிறார். கத்தோலிக்க மருத்துவமனைகளும் தியான இல்லங்களும் அதை ஆதரிப்பது முறையன்று என்று அந்த ஆயர்கள் முடிவு செய்தார்கள். அது அவர்கள் நாட்டு மறைமாவட்டங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், அதிலுள்ள நியாயம் எந்த நாட்டுக் கத்தோலிக்கருக்கும் பொருந்தும். மறைவான ஆற்றல்களை வசப்படுத்த முயலும் செயல்களை, அவை பிறரின் உடல்நலத்துக்காகவே செய்யப்பட்டாலும், 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் விலக்குகிறது.

இது பிற சமயத்தார்மீதுள்ள வெறுப்பா? இல்லவே இல்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக்கிவிட்டது. திருச்சபை தன் வீட்டுக்குள்ளேயும் இதே கண்டிப்பைக் காட்டுகிறது. நம்முடைய குணமளிக்கும் வழிபாடுகளில் ஆரவாரமும் மிதமிஞ்சிய உணர்ச்சிப் பெருக்கும் கூடாதென்று 2000-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விதி வகுத்தது. லூர்து நகரைப் பாருங்கள். அங்கே மருத்துவ அலுவலகம் ஒன்று ஒவ்வொரு குணத்தையும் ஆராய்கிறது. 1858-இல் அன்னை காட்சி கொடுத்தது முதல் ஏறக்குறைய ஏழாயிரம் குணங்கள் பதிவாகியிருந்தும், புதுமை என்று ஆயர்கள் அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். தன் தாயின் திருத்தலத்திலேயே இப்படிச் சோதிக்கும் திருச்சபை, மற்றவற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்குமா?

இனி, ஏற்கெனவே இத்தகைய சிகிச்சைக்குச் சென்றவர்கள் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் கலங்கவேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "உன்னைப் பேய் பிடித்துவிட்டது" என்று யாரேனும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அறியாமல் செய்ததற்கும், வேதனையில் தடுமாறிச் செய்ததற்கும், அறிந்தே பற்றிக்கொண்டதற்கும் வேறுபாடு உண்டு. மனம் உறுத்தினால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் சென்று குருவிடம் சொல்லுங்கள். அங்கே சமாதானம் கிடைக்கும். சிகிச்சை செய்பவர்களிலும் நல்ல மனம் உள்ளவர்கள் பலர். அவர்களை வெறுக்கவேண்டாம்.

குணமாக்குவதாக வருகிற எவரிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் விளக்குவாரா? டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? தீட்சை, இரகசியக் குறி, பெயர் தெரியாத ஆவிகளின் துணை என்று ஏதேனும் உண்டா? நிலைக்கு நிலை பணம் கேட்கிறாரா? இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்கவே ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பினார். நாமானைத் தொழுநோயிலிருந்து குணமாக்கிய எலிசேயு ஒரு காணிக்கையும் வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய வேலைக்காரனுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

வேண்டாமென்று சொல்வதோடு நம் கடமை தீராது. நோயாளிக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? நோயுற்றவன் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்று புனித யாகப்பர் எழுதினார். அந்தத் திருவருட்சாதனத்தை இன்னும் பலர் அவஸ்தைப்பூசுதல் என்றே நினைக்கிறார்கள். குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்குள் வந்தால், எல்லாம் முடிந்ததென்று வீட்டார் அழத் தொடங்குகிறார்கள். 1972-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இச்சடங்கைச் சீர்திருத்தி வெளியிட்டார். சாகக் கிடப்பவருக்கு மட்டுமல்ல, கடும் நோயுற்றவருக்கும், முதுமையால் தளர்ந்தவருக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவருக்கும் நோயில் பூசுதல் உரியது. நோய் முற்றுமுன்னே குருவை அழையுங்கள். அங்கேயும் ஒரு கை நம் தலைமேல் வைக்கப்படுகிறது. அந்தக் கைக்குக் கட்டணம் இல்லை.

எல்லாரும் குணமாவார்களா? அப்படி நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி புனித சின்னப்பர் மும்முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, தாங்கிக்கொள்ளும் அருள் கொடுக்கப்பட்டது. சக்தி சிகிச்சைக்கு இந்த மறுமொழி கிடையாது. குணமாகாதவனிடம் அது சொல்லக்கூடியதெல்லாம், உன் தடை நீங்கவில்லை, இன்னும் சில அமர்வுகள் வா என்பதுதான். சிலுவையைச் சுமந்த ஆண்டவரோ, குணமாகாதவனின் கட்டிலருகிலும் நிற்கிறார்.

அவர் நிற்பதை நோயாளி எப்படி உணர்வார்? நாம் போய் நின்றால் உணர்வார். இந்தப் பொன்விழா ஆண்டில் ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் படுக்கையாய்க் கிடப்பவர்களின் பெயர்களை எழுதட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒருவர் அருகே உட்காரட்டும். கையைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒரு பத்துமணி செபமாலை சொல்லட்டும், மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டும், ஆஸ்பத்திரிக்குத் துணை போகட்டும். அந்நியர் ஒருவரின் கையைத் தேடி நம் நோயாளிகள் பணம் கட்டிப் போகாதபடி, நம் கைகள் அவர்களுக்கு அருகில் இருக்கட்டும்.

ஆரோக்கிய அன்னை நம் நோயாளர் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக.