வன்னி மரத்தடியில் ஒரு பாலைவனப் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பாலைவனத்தில் வாழும் விலங்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், எந்த வகுப்பிலும் முதல் விடை ஒட்டகம்தான். பாடமும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் நம் தார் பாலைவனத்தில் காட்டு ஒட்டகம் கிடையாது. அங்குள்ளவை எல்லாம் மனிதர் வளர்ப்பவை. வேப்பூர் ஆட்டுச்சந்தையைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும்.

அப்படியானால் அங்கே இயற்கையாக வாழ்பவை எவை? நான் விருத்தாசலத்திலிருந்து தொடங்குவேன். விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி. ராஜஸ்தானில் இதையே கேஜ்ரி என்கிறார்கள். அவர்களுடைய மாநில மரம் இது. வேர் மிக ஆழமாக இறங்குவதால் கடுங்கோடையிலும் தழைக்கும். அந்தத் தழையும் காயும் ஆடு, ஒட்டகத்துக்கு மட்டுமல்ல, சிங்காரா எனும் சிறுமானுக்கும் உணவு. சிங்காரா பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். தழையிலுள்ள ஈரமே போதும். வளை தோண்டி வாழும் முள்வால் பல்லி ஒன்றும் அங்கே உண்டு. அது புல்லும் இலையும் தின்னும் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை!

1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் மன்னரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு தடுத்தார். அவரோடு பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். இன்றும் பிஷ்னோய் ஊர்களில் மான்கள் வயலில் அச்சமின்றி மேய்கின்றன.

இனி கானமயில். மூதுரையில் வருவது காட்டு மயில்; இது வேறு பறவை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இன்று காட்டில் 200-க்கும் குறைவு. பெரும்பாலானவை ஜெய்சல்மேர் பக்கம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது. மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அந்த ஆணையை மாற்றி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

அந்தக் கம்பிகளில் பல சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. ஒரு பாடத்தில் நாம் பாராட்டும் சூரிய ஆற்றல்தான் இன்னொரு பாடத்தின் பறவைக்கு ஆபத்து. இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள் என்பது என் கருத்து. எட்டாம் வகுப்பில் இதை விவாதமாக வைத்தேன். "ஆளில்லாத இடத்துலதான போடுறாங்க" என்றான் ஒருவன். "பறவை இருக்குல்ல" என்றாள் பக்கத்து வரிசைப் பெண். மணி அடித்தும் முடியவில்லை.

நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கையும் 'சும்மா கிடக்கிற இடம்' என்றுதான் சொல்கிறோம். கௌதாரி, கீரி, ஓணான் என்று அங்கே பிள்ளைகள் பார்ப்பவற்றை ஒரு மாதம் எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள்.